கொசுறாகப் போட்ட ஆறு குண்டுகள்

மூன்று நாட்களுக்கு முன்பு ஒரு காலையில், புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் என் அக்கா கஸ்தூரியின் வீட்டு முன்னறையில், கையில் மாவுக் கரண்டியோடு நின்றிருந்தேன். அக்கா ஆறேழு வருடங்களாக இட்லி மாவு அரைத்து விற்கிறாள். விடுமுறைக்கு வந்த தம்பி உட்கார்ந்து பேப்பர் படித்தால் அவளுக்குப் பொறுக்காது. "சும்மாதானே இருக்கிற, கொஞ்ச நேரம் பாத்துக்க" என்று கரண்டியைக் கையில் திணித்துவிட்டு கிரைண்டர் கழுவப் போய்விட்டாள். எதிர்ச் சந்திலிருந்து ஒரு அம்மாள் தூக்கை நீட்டி நாலு கரண்டி கேட்டார். ஊற்றினேன். ஒவ்வொரு கரண்டியையும் டிரம் விளிம்பில் வழித்து, தலை தட்டி, நாலு. காசை டப்பாவில் போட்டேன். அம்மாள் நகரவில்லை. தூக்கை மூடவும் இல்லை, நீட்டியபடியே நின்றார். நானும் நின்றேன். "வேற எதாவது வேணுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! அதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "டேய் சேகரு, கையில இன்னா முடக்குவாதமா? மேல கொஞ்சம் ஊத்தி அனுப்புடா!"

கொசுறு. அந்த அம்மாள் கொசுறுக்குக் காத்திருந்தார். பதினோரு வருடம் பிரான்சில் இருந்ததில் நான் அதை மறந்துவிட்டேன் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். அப்படியில்லை. மறந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். கரண்டியை மறுபடி டிரம்முக்குள் விடப் போனேன், கை வரவில்லை. காரணம் ஆறு துப்பாக்கிக் குண்டுகள். பயந்துவிடாதீர்கள், நான் யாரையும் சுடவில்லை. காகிதத்தைச் சுடுகிற கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கும், என்னைப் போல எங்கெங்கோ போய்ச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெருமைக்காக எழுதவில்லை, மனசு அலுத்துப்போய் எழுதுகிறேன்.

முதலில் இங்கே யாருக்கும் இதை விளக்கவே முடிவதில்லை. துப்பாக்கி கிளப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னபோது அக்கா, "ஏன், அங்க கொசு தொல்லையா?" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியவர், "அப்ப தம்பி சொல்தாவா? பென்ஷன் வருமே!" என்று உட்கார நாற்காலி போட்டார். எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை சொல்தா என்போம். துப்பாக்கி என்றால் அதைத் தவிர வேறு நினைப்பு வராது. நான் சொல்தா இல்லை. ஊருக்குள் இருந்த துணி மில்லில் வேலை பார்த்தவன். மில் மூடிய பிறகு, பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள எங்கள் ஊர்ப் பெண் எலேனைக் கல்யாணம் செய்துகொண்டு, நாற்பதை ஒட்டிய வயதில் விமானம் ஏறியவன். வடக்கே ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் பெரிய சலவை ஆலையில் வேலை. நனைந்த விரிப்பின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும், மறுமுனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்து, சுருக்கம் இல்லாமல் இஸ்திரி உருளைக்குள் விடுவதுதான் வேலை. ஒருவர் முந்தினால் துணி கோணிக்கொள்ளும்.

அந்த மறுமுனைதான் மர்த்தீன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், கணவனைப் பிரிந்தவள், பேச்சுக் குறைவு. நான் சேர்ந்து மூன்று வருடம் வரை எங்களுக்குள் வரும்போது "போன்ழூர்", போகும்போது "ஓ ரெவ்வார்" தவிர வேறு பேச்சு இல்லை. வேறு யாரும் அதுகூடப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்த் தெருவில் ஒரு நாயைப் பார்த்தாலும் உறவுக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். ஒருநாள் மர்த்தீன் என் கையைப் பார்த்து, "உன் கை நடுங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா" என்றாள். சர்ச்சுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். போய்ச் சேர்ந்தது துப்பாக்கிக் கிளப். ராணுவம் எப்போதோ கழித்துவிட்ட பழைய துப்பாக்கியால் இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் காகித வட்டத்தைச் சுடுகிறார்கள். எனக்காகக் கிளப் தாளில் கையெழுத்துப் போட்டவள் அவள். அந்த நாட்டில் எனக்காக ஒருவர் தன் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை. சொன்னால் சிரிப்பீர்கள், வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்தப் பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டா கடையில் சுலபமாகக் கிடைக்காது, கிடைத்தாலும் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது. ஆகவே அவரவரே சேர்த்துக்கொள்வார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, வெடிமருந்து போட்டு, முனையில் புதுக் குண்டை அமர்த்தினால் அது மறுபடி தோட்டா. கூடு திரும்பத் திரும்ப வரும். குண்டு போனால் போனதுதான், அதனால் குண்டு வாங்குவதில்தான் சாமர்த்தியம். அந்தக் குண்டை அவர்கள் 'ஓழீவ்' என்பார்கள். போட்டிக்கென்றே செய்த குண்டுகள் உண்டு. எல்லாம் ஒரே எடை, ஒரே வடிவம், விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். வெறும் ஈயத்தில் வார்த்தது மலிவு, ஆனால் எங்கள் துப்பாக்கியின் வேகத்துக்கு அது குழலுக்குள் ஈயத்தைப் பூசிவிடும். அப்புறம் தேய்த்துத் தேய்த்தே பாதி நாள் போய்விடும். ஈயத்தின் மேல் மெலிசாகச் செம்பு முலாம் போட்டது ஒரு நாள் நன்றாகப் பறக்கும், ஒரு நாள் பறக்காது. மிச்சம் இருப்பது கனமான செம்பு உறை போட்டு மொத்தமாக விற்கிற சாதாரணக் குண்டு. அதிலும் கறை பட்டது, சிராய்ப்பு விழுந்தது என்று ஆலையே ஒதுக்கியது இன்னும் மலிவு. பட்டியலில் அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அட, நம்ம மில் வாசலில் விற்கிற செகண்ட்ஸ்!

மில்லில் என் வேலை நூல் சோதனை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் அளந்து சுற்றிய நூலை எடை போட்டு, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று பார்த்து, லாட் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு லாட் நூலோடு இன்னொரு லாட் நூல் கலந்தால் நெய்யும்போது கண்ணுக்குத் தெரியாது. சாயத்தில் முக்கியதும் துணியின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். அப்புறம் அந்தத் துணியை யாரும் தொட மாட்டார்கள். ஒருமுறை என் சீட்டை நம்பி நெய்ததில் அப்படிப் பட்டை விழுந்து, மேஸ்திரி எல்லார் முன்னாலும் அந்தத் துணியை என் தோளில் போட்டு, "கட்டிக்கினு போடா மாப்ள" என்றார். அந்த அவமானம் இன்னும் போகவில்லை. அதே வித்தையை நான் அங்கே எடுத்தேன். முதலில் முப்பது குண்டு மட்டும் வரவழைத்து, சின்னத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டேன். கறைதான் இருந்தது, எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே ஒரே லாட்டில் பெரிய பெட்டியாக வரவழைத்து, எடை வாரியாகப் பிரித்து, நூறு நூறாகப் பையில் போட்டு, லாட் எண், எடை, எண்ணிக்கை எழுதிச் சீட்டு வைத்தேன். கிளப்பில் முதலில் சிரித்தார்கள். நான் சுட்ட காகிதத்தைப் பார்த்த பிறகு வரிசையில் நின்று வாங்கினார்கள். மஸ்யே சேகர், அதாவது சேகர் ஐயா, எடை போட்டாரா, அப்படியானால் சரி என்று ஒரு பேச்சே உண்டானது. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான், அது தந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வருடம் வசந்தத்தில் வட்டாரப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து மூன்று பேரை எடுக்க இருந்தார்கள். இரண்டு இடம் உறுதி. மூன்றாவது இடத்துக்கு மர்த்தீன் ஆசைப்பட்டாள். இருபது வருடமாகச் சுடுகிறாள், ஒரு தடவைகூட அந்த அணியில் போனதில்லை. அவளுடைய வலது கண் உள்ளே கெட்டுக்கொண்டு வந்தது. அடுத்த வருடம் இந்தப் பார்வை இருக்குமென்று டாக்டர் சொல்லவில்லை. "இதுதான் கடைசி" என்று விரிப்பின் மறுமுனையிலிருந்து சாதாரணமாகச் சொன்னாள். போட்டிக்கு நூறு குண்டு வேண்டும், உன் சீட்டோடு வேண்டும் என்று கேட்டாள். என்னிடம் கேட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, எடையில் மயிரிழை பிசகாத நூறைப் பொறுக்கினேன். சீட்டு எழுதினேன். பையைக் கட்டப் போன கை பாதியில் நின்றுவிட்டது. நூறு கேட்டவளுக்கு வெறும் நூறைக் கட்டி எப்படிக் கொடுப்பது? அதுவும் அவளுக்கு! சிநேகிதிக்குச் சரியாக எண்ணிக் கொடுக்கிற மனுஷன் ஒரு மனுஷனா? என்னிடம் முன்பு எப்போதோ ஆசைக்கு வாங்கி, சுடாமல் வைத்திருந்த உயர்ந்த போட்டிக் குண்டுகள் ஆறு இருந்தன. பார்வைக்கு ஏறக்குறைய அதே மாதிரி. எடுத்துப் பைக்குள் போட்டேன், குலுக்கினேன், கட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போட்டால் அது கொசுறா?

நூல் சோதனை செய்தவன். லாட் கலந்ததற்காகத் தோளில் துணி சுமந்தவன். அந்தப் புத்தி அந்த நிமிடம் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ஆறும் மற்றதைவிட ஐந்தாறு அரிசிமணி எடை கூட. முனையும் கொஞ்சம் நீளம். அதே அளவு மருந்தில் அது தாழ்ந்துதான் போய் விழும். மங்கின கண்ணோடு, என் சீட்டை நம்பி, மர்த்தீன் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டித் தோட்டா சேர்த்திருக்கிறாள். தேர்வு நாளில் அவளுக்கு இருபது தோட்டா. நான் பின்னால் நின்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஏழும் நடு வட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எட்டாவது கீழே போயிற்று. அவள் மூச்சைச் சரி செய்துகொண்டாள். அடுத்தது நடுவில். இன்னொன்று கீழே. அவள் தோளைத் தளர்த்தி, கண்ணைத் துடைத்து, மறுபடி படுத்தாள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த இருபதில் மூன்று என்னுடையவை, மூன்றும் கீழேதான் போயின. மூன்று புள்ளியில் இடம் போயிற்று. அவள் எழுந்து என்னிடம் வந்து, "கண் போய்விட்டது, சேகர்" என்றாள். கண் இல்லை, நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதுதான் பெரிய பாவம்.

அவள் நூல் பிடித்துக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கிளப் மேசையில், மிச்சத் தோட்டாக்களைப் பிரித்தெடுத்த குண்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒரு நீள வரிசை. தள்ளி மூன்று. பக்கத்தில் என் சீட்டு.

"இவை என்ன?"

"கதோ" என்றேன். பரிசு என்று அர்த்தம்.

"பரிசைக் கையில் கொடுப்பார்கள். இது பைக்குள் இருந்தது. நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நீதானே?"

"எங்கள் ஊரில் எப்போதும் கொஞ்சம் கூடப் போடுவோம்."

"ஏன்?"

ஏன் என்று என் ஆயுசில் யாரும் கேட்டதில்லை. என்னத்தைச் சொல்ல? முழித்தேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "உனக்கு வேண்டாததை என் பையில் தள்ளிவிட்டாயா?" என்றாள். இல்லை, நல்லது, என்னிடம் இருந்ததிலேயே நல்லது என்று உடைந்த பிரெஞ்சில் கத்தினேன். அவள் கத்தவில்லை. "நல்லதை நான் கேட்கவில்லை. ஒரே மாதிரி இருப்பதைக் கேட்டேன்" என்றாள். மூன்று குண்டையும் என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் திங்கள் முதல் வெள்ளி வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரே விரிப்பைத்தான் பிடித்தோம். அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், துணியின் ஓரத்தைப் பார்ப்பாள். துணி ஒருநாளும் கோணவில்லை. அவ்வளவு சரியாக வேலை நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எலேன், "இந்த ஊர்க்காரங்களுக்கு மனசே கிடையாது, விடுங்க" என்றாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அள்ளிக் கொடுக்கிற ஊரில் பிறந்தவன் அளந்து கொடுக்கிற ஊரில் மாட்டிக்கொண்டான் என்று எனக்கு நானே பரிதாபப்பட்டேன். கிளப்புக்குப் போவதை நிறுத்தினேன். ஆகஸ்டில் விடுமுறைக்கு ஆலையை மூடியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகப் புதுச்சேரி வந்து சேர்ந்தேன். இனி அங்கே திரும்பிப் போகத்தான் வேண்டுமா என்ற யோசனையும் வந்து போயிற்று.

இதையெல்லாம் மூன்று நாட்களுக்கு முன்பு, அந்த அம்மாள் போன பிறகு, அக்காவிடம் கொட்டிவிட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். என் பக்கம்தான் பேசுவாள், மர்த்தீனை நாலு வார்த்தை திட்டுவாள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் களைவதை நிறுத்திவிட்டு, "மேலயா போட்ட, உள்ளயா போட்ட?" என்றாள்.

"உள்ள போட்டு குலுக்கிட்டேன்க்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு கொசுறுன்ற? கொசுறுன்னா அவங்க கண்ணு முன்னாடி மேல ஊத்தணும். அவங்களும் பாக்கணும். நானு ஒனக்கு நல்லது பண்றேன்னு இன்னிக்கி மாவுல நேத்து மாவ கலந்து வெச்சா, ஊர்ல என்னிய இன்னான்னு சொல்லுவாங்க? கலப்படம்னு சொல்லுவாங்கடா!"

"நல்லதத்தான்க்கா போட்டேன்."

"தங்கத்தயே கலந்தாலும் கலப்படந்தான். அந்தம்மா கண்ணு வேற போவுதுன்ற. பாவி, ஒன்ன நம்பிதானே எடுத்தா? நீ மன்னிப்பு கேட்டியா?"

கேட்கவில்லை. மூன்று மாதமாக விளக்கம் சொல்லத்தான் வார்த்தை தேடினேன், மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குப் பிரெஞ்சு சரியாக வராததால்தான் மர்த்தீனுக்குப் புரியவில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டு நாடுகளுக்கு நடுவே இருக்கிற ஏதோ பெரிய பள்ளத்தில் விழுந்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஒரு பள்ளமும் இல்லை. பிரான்சைக் கண்ணால் பார்க்காத என் அக்கா, மர்த்தீன் சொன்னதையே ரெட்டியார்பாளையத் தமிழில் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊர்ப் பழக்கம், ஊர்ப் பழக்கம் என்று நான் கட்டிக்கொண்டு அழுதது ஊரிலேயே செல்லாது என்றால் அப்புறம் என்னதான் மிச்சம்?

அன்று மத்தியானமே போனை எடுத்து எழுதினேன். கதோ, பழக்கம், ஊர் எதுவும் இல்லாமல் எழுதினேன். 'மர்த்தீன், உன் பையில் நான் கலந்தேன். என் சீட்டு பொய். அன்று கீழே விழுந்த மூன்றும் உன் கண்ணால் விழவில்லை, என்னால் விழுந்தவை. அங்கேயே தெரிந்தும் சொல்லவில்லை. மன்னித்துவிடு.' இரண்டு நாள் பதில் இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஆள், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற கோரிமேட்டுக்கு ஒரு உறவினரைப் பார்க்கப் போனபோது பஸ்ஸில் பதில் வந்தது. மர்த்தீன் எப்போதும்போலக் குறைவாகத்தான் எழுதியிருந்தாள். 'வலது கண் முடிந்தது. செப்டம்பரிலிருந்து இடது கண்ணால் பழகப் போகிறேன். குழந்தை மாதிரி முதலிலிருந்து. குண்டு வேண்டும். சீட்டோடு. நூறு.' கீழே இன்னொரு வரி: 'நூறு மட்டும்.' படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, "தைரியமா இருங்க சார்" என்றார். சரிங்க என்றேன்.

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "நல்ல பொம்பள" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஊறப்போட அரிசியை அளந்துகொண்டே, "நூறுன்னா நூறேவா குடுக்கப் போற? ஒண்ணாவது தனியா கையில குடுடா, பாவம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அலுப்பும் வந்தது. கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். ஆனால் அந்த நூறை எண்ணி முடிக்கிறபோது என் கை நூற்றியொன்றாவதைத் தேடும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் பையைக் கட்ட வேண்டியிருக்கும். இந்த வயதுக்கு மேல் கையைப் புதிதாக வாங்க முடியாது.

இன்று காலை அதே அம்மாள் வந்தார். அதே தூக்கு, அதே நாலு கரண்டி. ஊற்றினேன். இந்தத் தடவை நானாகவே கரண்டியை மறுபடி டிரம்முக்குள் விட்டு, அவர் கண் முன்னால், மேலே, இன்னும் அரைக் கரண்டி ஊற்றினேன். அக்காவும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியில் நிமிர்ந்தேன். அம்மாள் தூக்கை மூடாமல், என் கையிலிருந்த கரண்டியையே பார்த்தார்.

"இன்னா தம்பி, கொசுறக் கூட வழிச்சு ஊத்துறீங்க?"

டிரம் விளிம்பைப் பார்த்தேன். அரைக் கரண்டியை வழித்த தடம் அங்கே ஈரமாக இருந்தது.